கால் மணிக்கு ஒரு நிமிடம்

பாய், உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் பைப் ஒட்டும் பசையின் வாசனை அடிக்கிறது. கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே போட்டு வைத்தால் வேறு எப்படி இருக்கும்? எப்போது யாரைக் கூப்பிட்டோம் என்று குறிக்கிற லாக் புக்கை வீட்டில் ரேடியோவுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே! இன்று காலை என் மேஜையில் அதைப் பிரித்தேன். பிரித்ததும் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் உங்கள் கடை வாசலுக்கே போய்விட்டேன். சுற்றிலும் பிளாஸ்டிக் பைப்பு, வால்வு, பம்ப் மோட்டார், நடுவில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நீங்கள். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது.

போன வாரம் உங்கள் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். "அண்ணா, மாடியில அவரு வெச்ச கம்பம் காத்துல ஆடிகினே கீது. பக்கத்து வூட்டுக்காரங்க பயப்படுறாங்க. நீங்க வந்து எறக்கிக் குடுங்க" என்றார். அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டு நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் அடக்கத்தன்று வாசல் கேட் பக்கமாகக் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிப் போனவன் நான். அந்த மனிதனை எந்த மனதோடு கூப்பிட்டாரோ, எந்த முகத்தோடு நான் போனேனோ, தெரியவில்லை. போனேன்.

உங்கள் ஆண்டெனாவை நானே கழற்றினேன். தண்ணீர் பைப்புக்குள் செம்புக் கம்பியைச் செருகி, மூடி போட்டு ஒட்டியது. "கம்பெனிக்காரன் செய்றதுக்கு இது கொறச்சலா சார்?" என்று மார்தட்டுவீர்களே, அதேதான். குறைச்சல் இல்லை என்று உயிரோடு இருக்கும்போது நான் ஒருநாளும் சொன்னதில்லை. கீழே இறங்கியதும் டீயும் இந்த நோட்டும் வந்தன. "இத்த உங்களாண்ட குடுக்கச் சொல்லி அவரு சொல்லல. குடுக்காதன்னும் சொல்லல. நானாத்தான் குடுக்கறேன்" என்றார் உங்கள் வீட்டம்மா.

ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் ஒரு வரியில் பதில் வைத்திருந்தீர்கள். "செல்போன் டவர் படுத்துட்டா நாங்க எழுந்துப்போம்." நான் அரை மணி நேரம் விளக்குவேன். அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக செட்டு வைத்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் செய்தி கொண்டுபோகிறவர்கள் நாங்கள் என்று. கேட்டவர் உங்கள் பக்கம்தான் திரும்பிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கல்பாக்கம் வந்து குடியேறியவன். ஆபீசில் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. எதையும் எழுதி, நேரம் குறித்து, கையெழுத்து வாங்கிச் செய்து பழகிய உடம்பு. நீங்கள் அப்படியா? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் சங்கத்தார் எல்லோரும் ரேடியோவில் கூடுவோம். நான் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவேன். அவரவர் லைசென்சில் கொடுத்த தங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, செட்டு வேலை செய்கிறதா என்று சொன்னால் போதும். உங்கள் முறை வந்ததும் "இன்னா சார், நாஸ்தா ஆச்சா?" என்று வரும். சொந்தப் பேச்சு வேண்டாம் பாய் என்பேன். "நாஸ்தா துன்றது சொந்தப் பேச்சா சார்? அது பொது விசயம்" என்பீர்கள். இருபது பேர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் மனைவி இறந்த பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் திருவிழாக் கூட்டத்துக்குச் செட்டோடு உதவிக்குப் போவோமே, அங்கே நீங்கள்தான் ராஜா. குழந்தையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வரும் அம்மாவிடம் நான் படிவத்தை நீட்டி, பெயர், வயது, சட்டை நிறம் என்று வரிசையாகக் கேட்பேன். அந்த அம்மாவுக்குச் சட்டை நிறமே நினைவு வராது. நீங்கள் குறுக்கே வந்து, "செருப்பு இன்னா செருப்பும்மா?" என்பீர்கள். உடனே சொல்லிவிடுவாள். நீலச் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கும் என்று. அதை ரேடியோவில் சொன்ன பத்தாவது நிமிஷம் தேர்முட்டியில் நிற்கும் நம் ஆள் கண்டுபிடித்துவிடுவார். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஓட்டப் பந்தயம் நடந்தபோதும் இப்படித்தான். மயங்கி விழுந்தவரின் பனியன் எண்ணை நான் சொல்லச் சொல்ல, நீங்கள் "ஆளு எந்தப் பக்கம் நிழல்ல கீறாருன்னு சொல்லுங்க சார், நம்பரு அப்புறம்" என்று கத்தினீர்கள். எனக்கு எண், உங்களுக்கு ஆள். நான் ஒழுங்கு, நீங்கள் கலாட்டா. ஆனால் நம் இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தில் ஒரே கிறுக்கு. கடிகாரம். தினமும் காலையில் இரண்டு பேரும் நொடி பிசகாமல் நேரம் சரி செய்துகொள்வோம். மற்றதில் கண்டபடி இருக்கும் நீங்கள் அதில் மட்டும் என்னைவிடக் கறார்.

அந்தப் பெருமையில்தான் அந்த அட்டவணையை எழுதினேன். புயல் வந்து கரண்டு போய், தூரத்துக்குக் குரலைக் கடத்துகிற மலைப்பக்கத்துப் பெட்டியும் அணைந்துவிட்டால் என்ன செய்வது? செட்டுக்குச் செட்டு நேராகப் பேச வேண்டும். பேட்டரியையும் மிச்சம் பிடிக்க வேண்டும். எனவே ஒவ்வொரு கால் மணிக்கும், சரியாக அந்த நொடியில் செட்டைப் போட்டு ஒரு நிமிடம் கூப்பிடு. அடுத்த ஒரு நிமிடம் கேள். பதில் இல்லாவிட்டால் அணைத்துவிட்டு அடுத்த கால் மணிக்குக் காத்திரு. தட்டச்சு செய்து எல்லோருக்கும் கொடுத்தேன். நீங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். "நீங்க போட்டா அது பஞ்சாங்கம் சார்" என்றீர்கள். எனக்குக் குளிர்ந்துபோயிற்று.

பிறகு அந்தப் புயல். விடிகாலையில் கரையைக் கடந்துவிட்டது. நான் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில், ஜனங்களோடு தங்கியிருந்தேன். நீங்கள் செங்கல்பட்டில் அதிகாரிகளோடு. எட்டே கால் இருக்கும், சரளா என்ற பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். உங்களுக்குச் சொன்னேன். "ஆம்புலன்சு வண்டிய திருக்கழுக்குன்றம் வரிக்கும் அனுப்பி நிறுத்தறேன் சார். அங்கேருந்து எந்த ரோடு தொறந்து கீதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றீர்கள். நான் ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். கடற்கரைச் சாலை முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, கால்வாய்ப் பாலம் தாண்டி உள்பக்கம் போகிற சாலை சரியாக இருக்கிறது என்று வந்து சொன்னார். அதற்குள் மலைப்பக்கத்துப் பெட்டி அணைந்துவிட்டது.

ஒன்பது மணி. சரியாக அந்த நொடியில் உங்களைக் கூப்பிட்டேன். உள்ரோட்டில் வண்டியை அனுப்புங்கள் என்று ஒரு நிமிடம் சொன்னேன். ஒரு நிமிடம் கேட்டேன். இரைச்சல்தான். அணைத்தேன். ஒன்பதே கால், ஒன்பதரை, ஒன்பதே முக்கால், பத்து, பத்தே கால். நடுவில் ஒன்பது முப்பத்தேழுக்கு என் சொந்த விதியையே மீறிக் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை. சரளாவின் மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கி, "இன்னா சார் அந்த டப்பாவையே பாத்துகினு கீற! வண்டி வருதா இல்லியா?" என்று கத்தினார். பத்தரைக்கு டிராக்டரில் கோரைப்பாய் விரித்து அவளை ஏற்றினோம். நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உடன் போனேன். பாலம் தாண்டிய பிறகு, டிராக்டரிலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை அழவில்லை. திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தபோது உங்கள் வண்டி அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

அந்தக் காட்சியை என்னால் பொறுக்க முடியவில்லை பாய். வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது, என் பேச்சைக் கேட்க மட்டும் ஆள் இல்லை.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். "கால் மணிக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் செட்டு முன்னால உட்கார முடியலையா? டீ குடிக்கப் போயிட்டீங்களா?" நீங்கள் எழுந்து, "நானும் கூப்ட்டுகினேதான் சார் இருந்தேன். நீங்கதான் பதிலு குடுக்கல" என்றீர்கள். "பொய் சொல்லாதீங்க பாய். ஒரு குழந்தை செத்துப்போச்சு" என்றேன். உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "உங்க ஆபீஸ் அதிகாரத்த ஆபீசோட வெச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். என் பையில் என் லாக் புக் இருந்தது. உங்கள் கையில் உங்களுடையது இருந்தது. இரண்டையும் ஒரு மேஜையில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. கருவிகளைச் சரிபார்த்தே காலம் தள்ளிய எனக்கு அது தோன்றவில்லை. கோபம் வந்துவிட்டால் எனக்கு எதுதான் தோன்றியிருக்கிறது!

அதன் பிறகும் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூடலுக்கு வராமல் இல்லை. நான் உங்கள் பெயரைக் கூப்பிட வேண்டும், அது என் பொறுப்பு. கூப்பிடுவேன். நீங்கள் அழைப்புக் குறியை மட்டும் சொல்லுவீர்கள். இரண்டு நொடி. நாஸ்தா பேச்செல்லாம் நின்றுவிட்டது. நான்கு வருடம் நமக்குள் இருந்த உறவு வாரத்துக்கு அந்த இரண்டு நொடிதான். சில ஞாயிறுகளில் உங்கள் குரல் கம்மியிருக்கும். சளியா, உடம்புக்கு என்ன என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவேன். வீட்டில் அதற்கப்புறம் பேச யாரும் இல்லை. செட்டை அணைத்தால் ஃபேன் சத்தம்தான். இப்போது உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. உங்களுக்கு முன்னால் இருந்தவரைக் கூப்பிட்டதும் என் வாய் தானாக நின்றுவிடுகிறது. எல்லோரும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

இன்று காலை உங்கள் நோட்டில் அந்த நாளைத் தேடி எடுத்தேன். உங்கள் கோணல் எழுத்து. ஒன்பது: சாரைக் கூப்பிட்டேன், வண்டி ரெடி, எந்த ரோடு, பதில் இல்லை. ஒன்பதே கால்: கூப்பிட்டேன், பதில் இல்லை. ஒன்பதரை. ஒன்பதே முக்கால். ஒன்பது ஐம்பத்திரண்டு: டைம் இல்லாத டைமில் கூப்பிட்டேன், பதில் இல்லை. பத்து. பத்தே கால். கீழே, "சார் செட்ட ஆஃப் பண்ணிட்டாரா? பேஜாரு" என்று எழுதி அடித்திருந்தீர்கள். என் லாக் புக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். விதியை மீறி ஆளுக்கு ஒரு தடவை கூப்பிட்டபோது எதிராளி செட்டு அணைந்திருந்தது; மற்றதெல்லாம் அதே நிமிடங்கள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

இரண்டு நோட்டிலும் விரலை வைத்து வரிவரியாக மறுபடி படித்தேன் பாய். பொத்தானை அழுத்திப் பேசும்போது நம் செட்டுக்குக் காது கிடையாது என்று லைசென்ஸ் வாங்க வரும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த நான் எழுதிய அட்டவணையில், யார் முதலில் கூப்பிட வேண்டும், யார் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. இரண்டு பேரும் ஒரே நொடியில் பேசியிருக்கிறோம். ஒரே நொடியில் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறோம். நேரத்தில் யாராவது ஒருவர் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் போதும்.

பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு தேதி. "டீச்சர் சொல்லுது. அன்னிக்கி கால் மணிக்கு ஒரு தபா கீச்னு சத்தம். ரெண்டு பேரும் ஒண்ணா கூப்ட்டுகீறோம். சாராண்ட சொல்ல வேணாம்." அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள்.

திருக்கழுக்குன்றத்துக் கலைச்செல்வி டீச்சரை உடனே போனில் பிடித்தேன். புயல் வந்தபோது அவருக்கு லைசென்ஸ் இல்லை, கேட்க மட்டும் ஒரு ரேடியோ வைத்திருந்தார். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவர் வீடு. "ஆமா சார், கால் மணிக்கு ஒருதரம் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சல். என் செட்டுதான் ரிப்பேர்னு நெனச்சேன். பரீட்சைக்குப் படிச்சப்பதான், ரெண்டு பேர் ஒரே சமயத்துல பேசினா நடுவுல கேக்குறவங்களுக்கு அப்படித்தான் கேக்கும்னு தெரிஞ்சுது. பாய்கிட்ட போய்ச் சொன்னேன்" என்றார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அவரு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு சார். அது சார் எழுதின டைம்டேபிளும்மா, இது தெரிஞ்சா மனுசன் தூங்க மாட்டாரு, வூட்ல பேச்சுத் தொணைக்குக்கூட ஆளு இல்ல, என் மேல கோவமா இருக்கிறதே அவருக்குப் பரவால்ல, இருந்துட்டுப் போட்டும்னாரு."

எவ்வளவு திமிர் பாய் உங்களுக்கு! நான் தாங்குவேனா மாட்டேனா என்று முடிவு செய்ய நீங்கள் யார்? இரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் என் விறைத்த குரலைக் கேட்டுக்கொண்டு, உங்கள் குறியை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறீர்களே. வந்து சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். தூங்காமலும் இருந்திருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறு நான்தான் முதலில் கேட்டிருப்பேன், சாப்பிட்டீர்களா என்று. போனைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வீட்டில் உட்கார முடியவில்லை. மத்தியானம் பஸ் பிடித்து அந்தக் குப்பத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சரளா வீட்டு முன்னால் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு பெண் குழந்தை இருக்கிறது, மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டிராக்டரு சாரு" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டவணை, ஒரு நிமிடம், இரண்டு பேரும் ஒன்றாகப் பேசியது. அன்று வண்டி வராமல் போனதற்குக் காரணம் நான் செய்த தப்பு என்றேன்.

அவள் கையிலிருந்த மீனை வலையில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கண்ணாடி போட்ட பாயும் ரெண்டு வருசம் முன்ன வந்தாரு சார். இங்கதான் குந்திகினாரு. தப்பு என்னுதும்மா, அவரு சரியா கூப்டாரு, நான்தான் கேக்காம உட்டேன்னாரு. இப்ப நீ வந்து உன்னுதுன்ற. யாருதுதான் சார்?"

"அவருது இல்லம்மா. எழுதினது நான். விசாரிக்காம அவர் மேல பழி போட்டதும் நான்தான்."

குழந்தை ஓடிவந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. பிறகு, கோபமே இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள். "வண்டி நேரத்துக்கு வந்திருந்தா பொழச்சிருக்குமா சார்?"

"தெரியலம்மா" என்றேன்.

"அவரும் இதான் சொன்னாரு" என்றாள். மறுபடி மீனைப் பரப்ப ஆரம்பித்தாள்.

இனி அந்தக் கேள்வி என்னோடு இருக்கும் பாய். இறக்கி வைக்க இடம் இல்லை, வேண்டவும் இல்லை. ஆனால் சாயங்காலம் அந்தக் குப்பத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு நடந்து வரும்போது, ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். இதே கேள்வியை வாங்கிக்கொண்டு, இதே பதிலைச் சொல்லிவிட்டு, இதே மணல் பாதையில் நீங்களும் ஒருநாள் தனியாக நடந்து வந்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கலாமே பாய்.